கடற்பாசிக்கு அரசு ஆதரவு என்றால் என்ன? மூங்கில் மிதவை மானியம் அதில் ஒரு துண்டுதான்

கடற்பாசி பற்றி இணையத்தில் பேச்சு எழும்போதெல்லாம், மத்திய அரசு அதற்கு ஒதுக்கிய 640 கோடி ரூபாய் என்ற எண் கூடவே வந்துவிடும். ஒரு தரப்பு, அரசு இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டதால் ராமநாதபுரம் கடற்கரையே இனி செழித்துவிடும் என்கிறது. இன்னொரு தரப்பு, அந்தப் பணமெல்லாம் எங்கே போனது, ஆராய்ச்சி நிலையங்கள் இத்தனை வருடமாக என்ன செய்தன என்று கேட்கிறது. இரண்டு பேருக்கும் நோக்கம் நல்லதுதான், ஆனால் அரசு ஆதரவு என்பதை ஒரே ஒரு பை, அதற்குள் பணம் இருக்கிறது, அதை யாரோ யாருக்கோ கொடுக்கிறார்கள் என்ற அளவிலேயே பார்க்கிறார்கள். அந்தப் பைக்குள் வெவ்வேறு துறைகள், வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு வேகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று நியாயமாகக் கேட்க முடியும்.

முதலில், எந்தப் பாசியைப் பற்றிப் பேசுகிறோம்?

கடற்பாசி என்பது கடலுக்குள் வளரும் பாசியினத்தின் பொதுப்பெயர். இந்தியக் கரையில் 800-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் வியாபாரத்துக்கு ஆகிறவை 60 வகை இருக்கும். ராமநாதபுரம் பக்கம் இதில் இரண்டு வேறு தொழில்கள் நடக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, இயற்கையாக வளர்ந்ததைப் பறிப்பது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று கரையில் பெயர் சொல்லும் வகைகள் இவை. மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும் இருந்து அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உறைய வைத்துத் துண்டு போடுகிறார்களே, அந்த வெள்ளைப் பொருள்தான் அகர். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் அதுவேதான். கட்டக்கோரையில் இருந்து ஆல்ஜினேட் என்ற பசை கிடைக்கும்.

இரண்டாவது, மூங்கிலில் மிதவை செய்து, அதில் பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் வளர்ப்பது. இங்கே பெரும்பாலும் வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்ற ஒரே வகை. இதன் பூர்வீகம் நம் கடல் இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கம். இதில் கிடைக்கும் கராஜீனன் என்ற பொருள் ஐஸ்கிரீமும் பற்பசையும் பிரிந்துபோகாமல் கெட்டியாக நிற்க உதவுகிறது. அரசின் திட்டங்கள் "வளர்ப்பு" என்று சொல்லும்போது முக்கியமாகக் குறிப்பது இந்த இரண்டாவது தொழிலைத்தான்.

உலக அளவில் ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் ஈரப்பாசி உற்பத்தியாகிறது. பாதிக்கு மேல் சீனா, அடுத்து இந்தோனேசியா. இந்தியாவின் உற்பத்தி இன்னும் ஆயிரக்கணக்கான டன்களில்தான் இருக்கிறது. 7,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் நாட்டுக்கு இது ரொம்பக் குறைவு என்ற எண்ணத்தில்தான் மத்திய அரசு இந்தப் பக்கம் திரும்பியது.

நெல் வயலை நினைத்துக்கொள்ளுங்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயி நெல் போடுகிறார். அவருக்கு அரசு என்ன செய்கிறது என்று கேட்டால் உர மானியம், இலவச மின்சாரம் என்று உடனே சொல்வோம். ஆனால் அவர் விதைக்கும் ரகத்தை ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் பல வருடம் உட்கார்ந்து உருவாக்கியிருக்கும். அந்த விதை கெட்டுப்போகாமல் ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. புகையான் பூச்சி வந்தால் என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்க வேளாண் அலுவலர் இருக்கிறார். அறுத்ததும் கொண்டுபோய்ப் போட நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது, அங்கே என்ன விலை என்பது முன்கூட்டியே தெரியும். வயலுக்குப் பட்டா இருக்கிறது, அதை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம், வெள்ளம் வந்தால் பயிர்க் காப்பீடு கேட்கலாம். இதில் ஆயிரம் குறை உண்டு, டெல்டாக்காரர்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். ஆனாலும் இவை அனைத்தும் சேர்ந்ததுதான் ஆதரவு. மானியம் அதில் ஒரு பகுதிதான்.

இப்போது அந்தப் பட்டியலைக் கடலுக்குக் கொண்டுவாருங்கள். விதை, நோய், இடம், விலை, உரிமை. கடற்பாசிக்கு இதில் சில இருக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன, சில இல்லவே இல்லை. இந்த ஐந்தும்தான் இனி வரப்போகிறவை, ஆனால் எல்லோரும் கேட்பது பணத்தைப் பற்றி என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

640 கோடி எப்படி நகர்கிறது

2020-இல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்ற மீன்வளத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 20,050 கோடி ரூபாய். அதில் கடற்பாசிக்கென்று காட்டப்பட்டதுதான் 640 கோடி. இது ஒதுக்கீடு, அதாவது இந்த வேலைக்கு இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு. வரம்பு போட்ட அன்று ஒரு பைசாகூட யார் கைக்கும் போவதில்லை.

அடுத்தது ஒப்புதல். மாநில அரசு இன்ன ஊரில் இன்ன வேலை என்று எழுதி அனுப்ப வேண்டும், மத்திய அரசு அதைப் பார்த்து ஏற்க வேண்டும். இப்படி ஒப்புதல் ஆனதாக மத்திய அரசு வெளியிட்ட கணக்கு சுமார் 194 கோடி. 46,095 மூங்கில் மிதவைகள், 65,330 குழாய்வலைகள் (பாசியைக் குழாய் போன்ற வலைக்குள் வைத்து வளர்ப்பதற்கு), டாமன் டையூவில் நடவுக்கான பாசியைக் காத்துத் தரும் ஒரு விதைப்பாசி வங்கி, ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா எல்லாம் அதற்குள் அடக்கம். பூங்கா மட்டுமே சுமார் 127.7 கோடி. ஆக, மிதவைக்கும் வலைக்கும் நாடு முழுவதற்கும் சேர்த்து மிஞ்சுவது 60 கோடியை ஒட்டிய தொகைதான்.

அந்தத் தொகையும் முழுக்க அரசுப் பணம் இல்லை. திட்டச் செலவு என்று போடுவதில் பயனாளியின் பங்கும் சேர்ந்திருக்கும். இந்தத் திட்டத்தில் ஒரு மூங்கில் மிதவைக்கு வைத்த செலவுக் கணக்கு 1,500 ரூபாய், ஒரு குழாய்வலை அலகுக்கு 8,000. பொதுப் பிரிவினருக்கு அதில் 40 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். ஒரு பெண் மிதவை கட்டினால் அரசு தருவது 900, அவர் போட வேண்டியது 600. கேட்க சின்னத் தொகைதான். ஆனால் ஒருவர் 45 மிதவை வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கமான கணக்கு, பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும் என்பதால் தினம் ஒரு மிதவை அறுக்கலாம். அப்படிப் பார்த்தால் அவர் கையிலிருந்து 27,000 போக வேண்டும், மானியப் பங்கு வந்து சேரும்வரை மீதியையும் பல நேரம் கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். மூங்கில் விலை ஏறினால் அந்த 1,500 தானாக ஏறுவதும் கிடையாது.

சுருக்கமாக: 640 என்பது வரம்பு, 194 என்பது ஒப்புதல், கரையில் ஒரு பெண்ணுக்கு அது மிதவைக்கு 900 ரூபாயாக வந்து சேர்கிறது. மூன்றும் வெவ்வேறு எண்கள். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

இன்னொரு எண்ணும் அடிக்கடி இதில் கலந்துவிடுகிறது. 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி. அது புவி அறிவியல் அமைச்சகத்தின் பணம், அதில் நடக்கும் பெரிய வேலைகளில் ஒன்று சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கக் கட்டும் மத்ஸ்யா 6000 கலம். அவசியமான வேலைதான். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் கட்டும் மிதவைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஆராய்ச்சி என்ன செய்தது?

எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம், ஏனென்றால் மிக அதிகமாகத் திட்டு வாங்குவதும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

கடற்பாசிக்கு இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் முக்கியமானவை. ஒன்று குஜராத்தின் பாவ்நகரில் 1954-இல் தொடங்கிய மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். இன்னொன்று 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். இப்போது அதன் தலைமையகம் கொச்சியில் என்றாலும் பல வருடம் அது ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்ற ஊரில்தான் இருந்தது. இரண்டுக்கும் மண்டபத்தில் இன்றும் நிலையங்கள் உண்டு. ஒன்று அறிவியல் அமைச்சகத்தின் கீழ், இன்னொன்று வேளாண் அமைச்சகத்தின் கீழ். மானியம் தருவது மீன்வள அமைச்சகம். மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காப்பது வனத்துறை. ஒரே பாசிக்கு நான்கு கதவு.

கப்பாஃபைகஸை 1984-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது பாவ்நகர் நிறுவனம். வந்த மறுநாளே மீனவர் கையில் கொடுத்துவிடவில்லை. குஜராத்தின் ஓகாவில் வளர்த்துப் பார்த்தார்கள், 1990-களின் நடுவில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள், எந்தக் காற்றுக் காலத்தில் தாங்குகிறது, எந்த ஆழத்தில் வளர்கிறது, மீன் கடிக்காமல் எப்படிக் காப்பது என்று ஒவ்வொன்றாகக் கண்டார்கள். 2000-ஐ ஒட்டித்தான் பெப்சி நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிப் பாக் நீரிணையில் ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியது. அதனால்தான் இன்றுவரை பலர் இதைப் பெப்சிப் பாசி என்றே சொல்கிறார்கள். 2008-இல் அந்த நிறுவனம் விலகி வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது, பாசி மட்டும் தங்கிவிட்டது. நம்பி வாங்க ஒரு தனியார் வருவதற்கு முன்னால் சுமார் 16 வருடம் சம்பளம், படகு, ஆய்வகம் என்று செலவழித்தது அரசு. அந்தச் செலவு எந்த மானியப் பட்டியலிலும் தெரியாது.

ஒரு மிதவையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த ஆராய்ச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று புரியும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடத்தில் சுமார் 150 கிராம் பாசித் துண்டைக் கட்ட வேண்டும், கரையில் உட்கார்ந்து பெண்கள்தான் கட்டுவார்கள். மொத்தம் 60 கிலோ விதைப்பாசி. அடியில் பழைய வலை, ஓரா மீன் வந்து தின்னாமல் இருக்க. 45 நாள் கழித்து எடுத்தால் 260 கிலோ வரை இருக்கும். அடுத்த நடவுக்கு 60 கிலோ எடுத்துவைத்தால் கையில் 200. காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ. 150 கிராம் ஏன், 45 நாள் ஏன், 30-இல் எடுத்தால் என்ன என்பதற்கெல்லாம் விடை யாரோ தண்ணீரில் நின்று எடை போட்டுப் பார்த்துக் கண்டதுதான்.

இதில் ஒரு பெரிய பலவீனமும் இருக்கிறது. விதைப்பாசி என்று சொல்கிறோமே தவிர அது விதை இல்லை. போன அறுவடையில் வெட்டிய துண்டேதான் மறுபடி நடப்படுகிறது. கரும்புக் கரணை போல. ஆரம்பத்தில் வந்த கொஞ்சப் பாசியின் வாரிசுகள்தான் கிட்டத்தட்ட எல்லா மிதவையிலும் இருக்கின்றன. அதனால் ஒரு மிதவையின் பாசி தாங்காததை வேறெந்த மிதவையின் பாசியும் தாங்காது. 2013-14 காலத்தில் கடல் நீர் சூடேறியபோது இதுதான் நடந்தது. தண்டு வெளுத்து, ஒடிந்து, மிதவை மிதவையாகப் பாசி செத்தது. அதற்கு முந்தைய வருடங்களில் நன்றாக ஏறிக்கொண்டிருந்த தமிழக உற்பத்தி சரிந்து, பிறகு பல வருடம் எழவில்லை. அந்த நேரத்தில் மூங்கிலை இலவசமாகவே கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது, கட்டுவதற்கு நல்ல பாசியே இல்லையே.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று விதை வங்கி: நல்ல பாசியைத் தனியாக வளர்த்து, மழைக்காலம் முடிந்ததும் கொடுப்பது. வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்து மழைத்தண்ணீர் கலந்து உப்பு குறைந்துவிடும், அப்போது கையிருப்பைக் காப்பாற்றுவதே பாடு. இரண்டாவது திசு வளர்ப்பு: ஆய்வகத்தில் பாசியின் சிறு திசுவிலிருந்து புது நாற்று எடுத்து வீரியத்தை மீட்பது. பாவ்நகர் நிறுவனம் இதில் வேலை செய்கிறது. கொச்சி நிறுவனம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. முனைக்காடு கடலில் கடல்விரால் வளர்க்கும் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவைகளைக் கட்டிப் பார்த்தார்கள். மீனின் கழிவைப் பாசி உரமாக எடுத்துக்கொண்டது, விளைச்சல் ஏறத்தாழ இரு மடங்கானது. மானியமே இல்லாமல் ஒரு குடும்பத்தின் வருமானத்தை ஏற்றக்கூடிய ஆதரவு இது. இந்தியக் கடலில் எங்கெங்கே பாசி வளர்க்கலாம் என்று ஆய்ந்து 24,000 ஹெக்டேருக்கு மேல் அடையாளம் காட்டியதும் இதே நிறுவனம்தான்.

இதுவரை வந்ததில் விதைக்கும் நோய்க்கும் பதில் சொல்ல வேண்டியது ஆராய்ச்சி, அது மெதுவாகத்தான் வரும். மானியம் வேகமாக வரும், ஆனால் விதை இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "ஐந்து வருடத்தில் என்ன கிழித்தாய்" என்று கேட்பது சரியில்லை.

தடை போடுவதும் ஆதரவில் சேருமா?

சேரும். தனுஷ்கோடிப் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணையை அமைதியான பெண் கடல் என்றும் சொல்வார்கள். மிதவைக்கு ஏற்றது பெண் கடல். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன, 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. வெளியிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் அங்கே போய் ஒட்டிக்கொண்டால் பவளத்தை மூடிவிடும் என்று பயந்தார்கள். 2005-இல் தமிழக அரசு இதை எங்கே வளர்க்கலாம் என்று எல்லை போட்டு ஆணை பிறப்பித்தது. பயம் வீண் போகவில்லை, 2008-இல் குருசடைத் தீவின் பவளத்தில் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள், வனத்துறை கையால் பிடுங்க வேண்டியிருந்தது.

தொழிலை நேசிக்கிறவர்கள் இந்தக் கட்டுப்பாட்டை எதிரியாகப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பவளம் போனால் மீன் போகும், மீன் போனால் மிதவை கட்டுகிற அதே குடும்பத்தின் மற்றொரு வருமானம் போகும். 2024-இல் உயிருள்ள கடற்பாசியை இறக்குமதி செய்ய மத்திய அரசு வழிமுறை வெளியிட்டதும் இதே காரணத்தால்தான். புது ரகம் வேண்டும், ஆனால் அது தனியாக வைத்துச் சோதிக்கப்பட்ட பிறகுதான் கடலுக்குள் இறங்க வேண்டும். கூடவே நம் கடலின் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து வகைகளை வளர்க்கும் ஆராய்ச்சிக்கு அதிகப் பணம் வேண்டும் என்பேன், அவற்றால் பவளத்துக்கு இந்த ஆபத்து இல்லை.

விலை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. காய்ந்த பாசிக்கு நெல்லைப் போல ஆதரவு விலை கிடையாது. கராஜீனன் சந்தையை இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் ஆட்டிவைக்கின்றன, அங்கே விலை விழுந்தால் ராமநாதபுரத்தின் தொண்டியிலும் விழும். வாங்குபவர்களும் ஒரு சிலர்தான்.

ஒரே நல்ல திருப்பம், பச்சைப் பாசியைப் பிழிந்து எடுக்கும் சாறு. பயிருக்குத் தெளித்தால் வளர்ச்சியைத் தூண்டும், சாறு எடுத்த சக்கையில் கராஜீனனும் எடுக்கலாம். இந்த முறையைக் கண்டதும் பாவ்நகர் நிறுவனம்தான். 2021-இல் இப்படிப்பட்ட உயிரூக்கிகளை, அதாவது உரமாக இல்லாமல் பயிரின் இயக்கத்தைத் தூண்டும் பொருள்களை, உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்து தரம் நிர்ணயித்தார்கள். ஒரு ரூபாய் மானியம் கொடுக்காமல் போட்ட அந்த விதி, போலிச் சாறு விற்பவர்களிடமிருந்து நல்ல பாசிக்குச் சந்தையைக் காப்பாற்ற வழி செய்கிறது. வளமாவூர்ப் பூங்காவும் விதையிலிருந்து பதப்படுத்துவது வரை ஒரே இடத்தில் கொண்டுவரும் எண்ணத்தில் திட்டமிடப்பட்டதுதான், ஆறு கடலோர மாவட்டங்களுக்கு அது பயன்பட வேண்டும் என்பது கணக்கு.

உரிமை, யாரும் பேசாத பகுதி

மிதவை கட்டும் தண்ணீருக்குப் பட்டா இல்லை. பெரும்பாலும் ஊர்க் கட்டுப்பாட்டிலும் பேச்சுவார்த்தையிலும்தான் இடம் முடிவாகிறது. விசைப்படகு வந்து மிதவையைக் கிழித்துவிட்டுப் போனால் என் இடம் என்று காட்ட ஒரு தாள் இருக்காது, அந்தத் தாள் இல்லாததால் வங்கியில் அடமானமும் இல்லை.

இதைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் மிதவையே இல்லாதவர்கள். பாம்பன் பக்கம் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு. இதுதான் அவர்களுடைய மொத்த உபகரணம். தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வந்த பிறகு அங்கே போனாலே வழக்கு, பறித்த பாசி பறிமுதல் என்ற பயத்தோடு தொழில் செய்கிறார்கள். பாசி அழிந்துவிடக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, சுரண்டாமல் கையால் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். 640 கோடியில் இவர்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை, அது வளர்ப்புக்கான பணம், இவர்கள் பறிப்பவர்கள்.

மிதவைக்கு மாறச் சொல்லலாம், சிலர் மாறியும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாசியை, எந்த மாதம், எத்தனை நாள், எந்தத் தீவின் எந்தப் பக்கம் பறிக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து எழுதி, அடையாள அட்டையோடு கையில் கொடுப்பதற்கு கோடிகள் தேவையில்லை. அந்தத் தீவுகளில் பாசி எவ்வளவு வேகமாகத் திரும்ப வளர்கிறது என்ற கணக்கை எடுக்கக்கூடிய இரண்டு ஆராய்ச்சி நிலையங்களும் மண்டபத்திலேயே இருக்கின்றன. மீன்வளத் துறையும் வனத்துறையும் இந்தப் பெண்களையும் ஆய்வாளர்களையும் கூப்பிட்டு ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.